தட்டில் விழாத கடலை

நிலக்கடலையை நாட்டின் உணவுப் பட்டியலிலிருந்து அடிப்பதற்கு நிறைமதிக்கு அன்று மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. அடிப்பது என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. திரையில் ஒரு வரி. அதன் மேல் விரலை வைத்து இழுத்துவிட்டு, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கினால் கடலை போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எள்ளை அப்படித்தான் அனுப்பிவைத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கவும் தூங்கினாள். அப்படித் தூக்கம் வந்ததே என்பதுதான் பிற்பாடு அவளை உறுத்தியது.

கிண்டியில் பதினோராவது மாடியில் இருந்தது எண்ணெய்வித்துப் பிரிவு. ஒரு காலத்தில் அங்கே நாற்பது பேர் வேலை பார்த்தார்களாம். எண்ணெய் செடியிலிருந்து வந்த காலம் அது. இப்போது எண்ணெய் தொட்டியிலிருந்து வருகிறது. ஏழு மாடி உயரத் தொட்டிகளில் ஏதோ ஒரு நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்றுவிட்டு எண்ணெயைக் கக்குகிறது. கடலை எண்ணெய் வாசம் வேண்டுமா, நல்லெண்ணெய் வாசம் வேண்டுமா, சொன்னால் போதும், அப்படியே கக்கும். கெட்டிக்கார உயிர். அது வந்த பிறகு விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கும் தேவை ஒழிந்தது. வாயில் போட்டு மெல்ல ஆள் இருக்கும்வரைதான் கடலைக்கு நிலம் என்று சட்டமும் வந்தது.

மெல்ல ஆள் இருக்கிறதா என்பதைத் தட்டு சொல்லும். முப்பது வருடத்துக்கு முன்னால் வீடு, விடுதி, ஓட்டல், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் உணர்தட்டு வந்துவிட்டது. அதில் விழுவது இட்லியா, இடியாப்பமா, எத்தனை கிராம் என்று தட்டே கண்டுபிடித்து 'பந்தி'க்கு அனுப்பிவிடும். பந்தி என்பது நூற்றறுபது கோடிப் பேரின் சாப்பாட்டை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டிருக்கும் இயந்திர மூளை. கேட்டால் பேசும். தட்டுகளும் சும்மா இருப்பதில்லை. "உப்பு தூக்கல்", "இது மூன்றாவது அப்பளம்" என்று பக்கத்து இலைக்காரருக்குக் கேட்கிற மாதிரி எச்சரிக்கும். உடம்புக்கு நல்லதுதான். மானத்துக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

அந்தத் தட்டுகளின் கணக்குப்படி முப்பது வருடத்துக்கு முன் ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஏழு கிராம் கடலை தின்றார். பத்து வருடத்தில் அது இரண்டானது. பிறகு ஒன்று, முக்கால், அரை. மூன்று வருடம் தொடர்ந்து அரை கிராமுக்குக் கீழே போனால் அந்தப் பொருளை மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இது மூன்றாவது வருடம். பந்தி காட்டிய எண் பூஜ்யம் புள்ளி நான்கு.

இரண்டரை மணிக்கு ரஞ்சிதம் வந்தாள். போளூர்ப் பக்கத்தில் அறுபது குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் விதைக்கடலைச் சங்கத்துக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை. லிப்டை நம்பாமல் பதினொரு மாடியும் ஏறி வந்திருந்தாள், மூச்சு மட்டும் வாங்கவில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"மேடம், ஒரே ஒரு விசயம். ஆடி பொறந்து நாலு நாள் ஆச்சு. மழையும் பேஞ்சிட்டுது. விதை மல்லாட்டைய உடைச்சி வெச்சிகினு உக்காந்திருக்கோம். இன்னிக்கி நீங்க அந்த வரிய அடிச்சிட்டா, நாளைக்கி எங்க கொல்லையில தொட்டிக்குத் தீனியா கெழங்கு நடச் சொல்லுவாங்களாமே?"

அவர்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை, புன்செய் நிலத்துக்குக் கொல்லை என்றுதான் பெயர்.

"சட்டம் அப்படித்தாங்க இருக்கு," என்றாள் நிறைமதி. "விதையை எடுத்து வெச்சிருங்களேன். அடுத்த வருஷம் ஏதாவது மாறலாம்."

ரஞ்சிதம் அவளைப் பாவமாகப் பார்த்தாள். "உடைச்ச விதை மேடம். ஓட்டோட இருந்தாலே எட்டு மாசத்துக்கு மேல தாங்காது. உடைச்சா ஒரு மாசம். இந்த ஆடியில மண்ணுக்குள்ள போவலன்னா அதுக்கு உசுரு கெடையாது. சுத்துப்பட்டு மூணு ஜில்லாவுக்கு நாங்கதான் விதை குடுக்கறோம். எங்களுது போச்சுன்னா அத்தினி பேருக்கும் போச்சு."

எள்ளை அடித்த வருடம் யாரும் இப்படி நேரில் வரவில்லை. வந்திருந்தால் கையெழுத்து வாங்கியிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. அவள் திரையைத் திருப்பி ரஞ்சிதத்துக்குக் காட்டினாள்.

"நான் என்னங்க பண்றது? ஜனங்க சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. பாருங்க, கோடு எப்படி இறங்குதுன்னு."

ரஞ்சிதம் கோட்டைப் பார்த்தாள். மேலே இன்னொரு கோடு மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. "அது இன்னா?"

"அது விளைச்சல்."

"அது எறங்கலியே. நாங்க வெளைய வெச்சத யாரும் துண்ணலன்னா, அது எங்க போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் நிறைமதிக்கு மனப்பாடம். "விளைஞ்சது இவ்வளவு. தட்டுல விழுந்தது இவ்வளவு. விதைக்கு எடுத்தது போக, மிச்சத்தைத் தீவனக் கணக்குல எழுதிடுவோம்."

"தீவனம்னா?"

"மாட்டுக்கு."

"எங்க ஊர்ல பதினோரு மாடு மேடம்," என்றாள் ரஞ்சிதம். "அதுல ரெண்டு கன்னுக்குட்டி. இம்மாம் மல்லாட்டைய துண்ணுச்சுன்னா அதுங்க இந்நேரம் யானையா ஆயிருக்கணும்."

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா இது என்று அடக்கிக்கொண்டாள். ஆனால் அந்தப் பதினோரு மாடு அவள் மண்டைக்குள் மேய ஆரம்பித்துவிட்டது. கல்லூரி முடித்து வந்த நாளாக அந்தத் தீவனப் பத்தியில் மிச்சத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாட்டையாவது போய்ப் பார்த்ததில்லை.

மணி நான்கு அடித்ததும் இயக்குநர் சந்தானகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். அவர் நேர்மையான மனிதர். அலுவலகத்தில் அதை அவருடைய குறையாகத்தான் சொல்வார்கள். ஒருநாள் மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்குத் தனக்குத் தானே மெமோ கொடுத்து, அதற்கு விளக்கமும் எழுதி, விளக்கம் திருப்தியாக இல்லை என்று நிராகரித்தவர் அவர்.

"என்னம்மா நிறைமதி, உறுதிமொழிப் படிவம் தயாரா?"

"தயார் சார். இவங்க போளூர்லேருந்து வந்திருக்காங்க. ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமான்னு…"

"வாங்கம்மா." அவர் ரஞ்சிதத்தைக் கும்பிட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கும் வருத்தம்தான். ஆனா எண் எண்தானே? சின்ன வயசுல எங்க வீட்டுல எல்லாம்…" என்று ஆரம்பித்து, அது அலுவல் பேச்சு இல்லை என்று தோன்றியதாலோ என்னவோ நிறுத்திக்கொண்டார்.

டீ வந்தது. கூடவே, வாசலில் நிற்கும் தள்ளுவண்டியிலிருந்து தினமும் வருகிற பொட்டலங்களும் வந்தன. மூன்று பேரும் டீயைக் குடித்துக்கொண்டு, படிவத்தை வரிவரியாகப் படித்தார்கள். மக்கள் மாறிவிட்டார்கள் என்று இயக்குநர் சொன்னார். தொட்டி எண்ணெய் வந்ததும் எல்லாம் போச்சு என்று ரஞ்சிதம் சொன்னாள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, உட்கார்ந்து ஒன்றை உரித்துத் தின்ன யாருக்கு நேரம் என்று நிறைமதி சொன்னாள். பேச்சு இழவு வீட்டில் நடக்கிற மாதிரி நடந்தது. வாய் பேசப் பேசக் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

நாலு இருபதுக்குத் துப்புரவு இயந்திரம் உருண்டு வந்தது. முறத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மேசைக்கு அடியில் புகுந்து, கரகரவென்று சத்தம் போட்டு, ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு, பின்னால் போய் மறுபடி வந்து, ஒரு வழியாக வெளியே வந்து தன் கணக்கை ஒப்பித்தது.

"இன்றைய சேகரிப்பு. காகிதம், நூறு கிராம். தலைமுடி, இரண்டு கிராம். மரச்சில்லு, முக்கால் கிலோ."

"மரச்சில்லா?" ரஞ்சிதம் சுற்றும் முற்றும் பார்த்தாள். கண்ணாடி மேசை, இரும்பு நாற்காலி. "இங்க எங்க மேடம் ஆசாரி வேல நடக்குது?"

நிறைமதி குனிந்து பார்த்தாள். இயந்திரத்தின் வாயில் ஒன்று பாதி உள்ளே பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை உருவி எடுத்து மேசை மேல் வைத்தாள்.

கடலை ஓடு.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நிறைமதியின் கையில் உரித்த கடலை இரண்டு இருந்தன. ரஞ்சிதத்தின் மடியில் ஓடு குவிந்திருந்தது. இயக்குநரின் சட்டைப் பை டீயோடு வந்த பொட்டலத்தால் புடைத்துக்கொண்டிருந்தது, வாயிலும் ஒன்று இருந்தது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ஐயையோ," என்றாள் ரஞ்சிதம். "நான் வித்துகினு இருக்கறவ. எனக்கே உறைக்கலியே!"

எப்படி உறைக்கும்? கடலையை யார் தட்டில் வைத்துத் தின்கிறார்கள்? அது பொட்டலத்தில் இருக்கும், பையில் இருக்கும், மடியில் இருக்கும், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் கையிலிருந்து நம் கைக்கு வரும். தின்றவரைப் பிடித்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்வார். பொய்யும் இல்லை. கொறிப்பதை நம் ஜனங்கள் சாப்பாட்டில் சேர்ப்பதே கிடையாது.

நிறைமதி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலரை. "பந்தி, குப்பைக் கணக்கும் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கிறது," என்றது சுவரிலிருந்து ஒரு சாந்தமான குரல். "எல்லாத் துப்புரவு இயந்திரங்களும் எனக்கு எழுதுகின்றன."

"மரச்சில்லு. நாடு முழுக்க. முப்பது வருஷத்துக்குக் கோடு போட்டுக் காட்டு."

திரையில் கோடு விழுந்தது. தட்டுகள் வந்த வருடத்தில் தரையோடு தரையாகத் தொடங்கி, ஒரு வருடம்கூடச் சோர்ந்து உட்காராமல் மேலே ஏறிக்கொண்டே போனது. பழைய கோடு இறங்க இறங்க இது ஏறியிருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது பெருக்கல் குறி மாதிரி தெரிந்தது.

"ஓடு முப்பது பங்கு, பருப்பு எழுபது பங்கு," என்றாள் ரஞ்சிதம். இது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"அந்த விகிதத்துல மாத்து, பந்தி," என்றாள் நிறைமதி.

"ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று புள்ளி ஒன்று கிராம் ஓடு. அப்படியானால் பருப்பு ஏழு புள்ளி இரண்டு கிராம்," என்றது பந்தி. "தீவனப் பத்தியில் நீங்கள் எழுதி வந்த மிச்சத்தோடு ஏறத்தாழச் சரியாகப் பொருந்துகிறது."

"மாடு இல்ல, மனுசன்!" என்று ரஞ்சிதம் மேசையில் ஓங்கித் தட்டினாள். டீ டம்ளர் துள்ளியது.

நிறைமதிக்குச் சந்தோஷத்திலும் ஆத்திரம் வந்தது. "முப்பது வருஷமா நகரத்துக்குள்ள இவ்வளவு மரச்சில்லு விழுது. ஒரு தடவைகூட உனக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்தது. பதினாறு வருடத்துக்கு முன்பு கேட்டு எழுதினேன். மரச்சில்லு சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மணிக்குள், ரயில் பெட்டிகளிலும் கடற்கரையிலும் அரசு அலுவலகங்களிலும் அதிகம் விழுகிறது, தச்சர்கள் பெருகிவிட்டார்களா என்று கேட்டேன். தச்சுப் பயிற்சி நிலையம் மேலும் மூன்று திறக்க உத்தரவாயிற்று. தட்டில் விழுவதுதான் சாப்பாடு என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேறு எங்கும் தேடச் சொல்லவில்லை."

"தட்டு வந்த வருஷத்துலேருந்துதான் ஏறுது," என்றாள் நிறைமதி மெதுவாக. "அதுக்கு முன்னாடி சட்னியா, கூட்டா, பொடியா தட்டுல இருந்திருக்கு. நாம தட்டை வெச்சு ஜனங்களைத் திட்ட ஆரம்பிச்சோம். அவங்க பிடிச்சதை எல்லாம் தட்டைவிட்டுத் தூக்கிட்டாங்க."

இருவரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் விழுங்கவில்லை. உறுதிமொழிப் படிவத்தின் கடைசி வரியில் அவர் கண் நிலைத்திருந்தது. மணி நாலு ஐம்பது.

"சார், சட்டப்படி தட்டுக் கணக்குதானே செல்லும்?" என்று நிறைமதி பயந்துகொண்டே கேட்டாள். இவர் ஆமாம் என்றால் எல்லாம் முடிந்தது. "குப்பையை ஆதாரமா எடுத்துக்க விதி இல்லையே."

சந்தானகிருஷ்ணன் நிதானமாக மென்றார். விழுங்கினார். ஒரு வாய் டீ குடித்தார்.

"விதி இல்லைதான். தட்டுக் கணக்குதான் செல்லும். ஆனா கையெழுத்துப் போடறது தட்டு இல்லையே, நான்தானே? 'இப்பொருளை மக்கள் உண்பதில்லை என்பதை நான் அறிவேன்'னு இங்க எழுதியிருக்கு. வாயில போட்டுகிட்டு இதுல கையெழுத்துப் போட்டா நான் என்ன மனுஷன்?" அவர் படிவத்தை நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைக்கப் போனார். அங்கே இடம் இல்லை. "அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து இல்லைன்னா வரி ஒரு வருஷம் நிக்கும். அதுக்குள்ள விதியை மாத்தச் சொல்லி எழுதறேன். எனக்கும் ஒரு மெமோ எழுதிக்கணும். இத்தனை வருஷம் தின்னுகிட்டே இது இல்லைன்னு சொன்னதுக்கு."

பத்து நிமிடம் மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து அடித்தபோது ரஞ்சிதம் அழுதாள். அழுதுகொண்டே ஊருக்குப் போன் போட்டு, "ஏர் பூட்டுங்கடா!" என்று கத்தினாள். பதினோராவது மாடியில் எல்லா அறைகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. விஷயம் பரவியதும் யாரோ கைதட்டினார்கள். யாரோ பொட்டலம் வாங்கக் கீழே ஓடினார்கள். அந்த நேரத்தில் நாட்டிலேயே அதிக மரச்சில்லு விழுகிற கட்டிடம் இதுதான் என்று பந்தி தகவல் சொன்னது, அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் கலைந்து இயக்குநரும் போன பிறகு ரஞ்சிதம் மஞ்சள் பையை அவிழ்த்தாள். "இத வந்தவுடனே குடுத்திருப்பேன். காரியம் ஆவறதுக்கு மின்ன குடுத்தா வேற மாதிரி ஆயிடும்ல? அதான் பையிலயே வெச்சிருந்தேன். இப்ப வாங்கிக்க தாயி." பொழுது சாயும்போது மேடம் எப்படியோ தாயி ஆகியிருந்தாள்.

வாழைச் சருகில் சுற்றியிருந்தது. நிறைமதி பிரித்தாள். கறுப்பாக, பளபளவென்று, வெல்லப் பாகு பிசுபிசுக்க நாலு எள்ளுருண்டை.

"எள்ளு… எள்ளைத்தான் அடிச்சாச்சே. ரெண்டு வருஷம் ஆச்சு. நான்தான்… என் கையாலதான்…"

"நீ அடிச்சது காயிதத்துல," என்றாள் ரஞ்சிதம். "எங்க மல்லாட்டைக் கொல்லையில, சாலுக்கு நடுவுல, அது பாட்டுக்கு மொளைக்குது. ஆபீசர் வந்து கேட்டா களைன்னு சொல்லுவோம். நாங்க மட்டும்னு நெனச்சியா? எல்லா ஊர்லயும் அப்படித்தான். துண்ணு."

நிறைமதி கடித்தாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் கரைந்து, வெல்லமும் எள்ளுமாகத் தொண்டையில் இறங்கிற்று. கண்ணில் நீர் வந்ததை அவள் துடைக்கவில்லை. இரண்டாவது உருண்டை தின்னும்போதுதான் புத்தி வேலை செய்தது. இதையும் பட்டியலில் மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் எள்ளுருண்டையையும் யாரும் தட்டில் வைப்பதில்லை. ஓடு இல்லை, தோல் இல்லை, குப்பையில் ஒரு பொடிகூட விழாது. தின்றதற்குச் சாட்சியே வைக்காத பண்டத்தை எப்படி எண்ணுவது?

அதைக் கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது, தானும் ஓர் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்த ரஞ்சிதம் அவள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய பல்வரிசை முழுக்க, இடுக்குக்கு இடுக்கு, கறுப்புப் புள்ளிகள்.

நிறைமதி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "பந்தி, வீடுகள்ல இருக்கற பல்துலக்கி எல்லாம் உன்கிட்ட எழுதுதா?"

"எழுதுகின்றன."

"பல்லிடுக்குல சின்னதா, கெட்டியா, தட்டையா ஏதாவது அகப்படுதா?"

"அகப்படுகிறது. வருடத்துக்கு வருடம் அதிகமாகிறது. மணல் என்று பதிந்திருக்கிறேன். மக்கள் ஏன் மணல் தின்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டு எழுதினேன்."

"என்ன பண்ணாங்க?"

"குடிநீர் வடிகட்டிகளை மாற்றினார்கள். மூன்று முறை."

நிறைமதி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, வாய் கொள்ளாமல் சிரித்தாள். அவள் பல்லிலும் மணல் இருந்தது.